அத்தியாயம் 6: இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் கற்கள்

என் மகள் மூன்றாம் வகுப்பு படித்தபோது பள்ளி ஆண்டு விழா நடனத்துக்காக நீலப் பருத்தியில் ஒரு பாவாடை தைத்தேன். கீழ்க்கரையை ஒட்டி இரண்டு வரிசை வெள்ளைக் கற்களை இஸ்திரிப் பெட்டியால் பதித்தேன். இரவு படுக்கப்போகும் முன் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் உறுதியாகத்தான் இருந்தன. மறுநாள் அவள் மேடையிலிருந்து இறங்கி வந்தபோது பாதிக் கற்களைக் காணோம். சுற்றி ஆடிய இடமெல்லாம் சிதறியிருந்தன. வீட்டுக்கு வந்து, பாவாடை மடிப்பில் சிக்கியிருந்த ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தேன். பசை நன்றாக உருகித்தான் இருந்தது. அதன் மேல் மெல்லிய வெள்ளைப் பொடி படிந்திருந்தது. அது கஞ்சி. கடையிலிருந்து வந்த புதுத் துணியை அலசாமலே வெட்டித் தைத்துவிட்டேன். கல் கஞ்சியில் ஒட்டியிருந்தது. நூலை அது தொடவே இல்லை.

அந்த ஒரு பாவாடை கற்றுக்கொடுத்ததுதான் இந்த அத்தியாயத்தின் சாரம். கல் ஒட்டும் வேலையில் முக்கால் பங்கு துணியை அறிவதில் இருக்கிறது. துணியைச் சரியாகப் படித்தவருக்குப் பிறகு வேண்டியது ஒரு சாதாரண இஸ்திரிப் பெட்டியும் கொஞ்சம் பொறுமையும் மட்டுமே.

கல் எப்படி ஒட்டுகிறது

ஹாட்ஃபிக்ஸ் கல் என்று கடைகளில் கேட்டு வாங்குகிறோமே, அதன் தட்டையான பின்பக்கத்தில் உலர்ந்த பசை ஒரு படலமாகப் பூசப்பட்டிருக்கும். சாதாரணச் சூட்டில் அது கெட்டியாக இருக்கும். நல்ல சூடு பட்டால் இளகித் தேன்போல் ஆகும். அந்த நேரத்தில் மேலிருந்து அழுத்தம் கிடைத்தால் நூல் இழைகளுக்கு நடுவே இறங்கும். சூடு தணிந்ததும் அங்கேயே இறுகி இழைகளைப் பிடித்துக்கொள்ளும். சட்டைக் காலருக்குள் தையல்காரர் வைக்கும் ஒட்டு கேன்வாஸும் இதே வழியில்தான் துணியோடு சேர்கிறது.

ஆக, சூடு, அழுத்தம், நேரம் என்ற மூன்றும் பசையைத் துணிக்குள் இறக்குகின்றன. அதை நிலைக்கச் செய்வது ஆறுதல். ஆறுவதற்குள் கல்லைத் தொட்டுப் பார்ப்பதும் துணியைத் தூக்கிப் பார்ப்பதும் பாதி இறுகிய பசையைப் பிய்த்தெடுப்பதற்குச் சமம்.

இந்தக் கற்களுக்கு ஆங்கிலத்தில் ரைன்ஸ்டோன் என்று பெயர். ஐரோப்பாவின் ரைன் நதிக்கரையில் பொறுக்கிய படிகக் கற்களே முதலில் அப்படி அழைக்கப்பட்டன. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகைத் தொழிலாளர் கியோர்க் ஃபிரீட்ரிஷ் ஸ்ட்ராஸ் கண்ணாடியில் செய்த போலி வைரங்களால் புகழ்பெற்றார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இன்றும் இக்கற்களுக்கு அவர் பெயர்தான். 1892இல் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி கண்ணாடியை இயந்திரத்தில் பட்டை தீட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே அளவில், ஒரே பட்டையில் ஆயிரக்கணக்கான கற்கள் கிடைக்க அது வழி திறந்தது. நம் வீட்டு மேசையில் நேர்வரிசையாக ஒரு கழுத்துக்கரை போட முடிவதற்கு அந்த ஒரே அளவுதான் அடிப்படை.

முதலில் துணி

துணி எதுவென்று விற்றவர் சொன்னதை மட்டும் நம்பிச் சூடு வைக்காதீர்கள். மூன்று சிறு சோதனைகள் போதும்.

*நூல் சோதனை.* தையலுக்குள் மடியும் ஓரத்திலிருந்து நாலைந்து இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். எரிந்த காகித வாசனையும் மென்மையான சாம்பலும் வந்தால் பருத்தி அல்லது ரேயான். முடி கருகும் வாசனையோடு, விரலில் நசுக்கினால் பொடியாகும் கரிய முனை நின்றால் பட்டு. உருகிச் சுருண்டு, ஆறியபின் நசுக்க முடியாத கெட்டி மணியானால் பாலியெஸ்டர் அல்லது நைலான். பட்டு என்று சொல்லிக் கைக்கு வரும் செமி சில்க் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தன் உண்மையைச் சொல்லிவிடும். ஜரிகையையும் சோதியுங்கள். பிளாஸ்டிக் படலத்தில் செய்த ஜரிகை சூட்டில் சுருங்கும். பெட்டி அதன் மேல் படவே கூடாது.

*நீர்ச் சோதனை.* ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். துணி உறிஞ்சினால் பசையும் இறங்கும். தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு நின்றால் அந்தத் துணியில் ஏதோ ஒரு பூச்சு இருக்கிறது. குடைத்துணி, மழைக்கோட்டு, சில பள்ளிப் பைகள் இந்த வகை. இவற்றில் கல் நிற்காது, முயல வேண்டாம்.

*சாயச் சோதனை.* வெள்ளைக் கைக்குட்டையைத் துணியின் மேல் வைத்துப் பெட்டியைப் பத்து விநாடி அழுத்துங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தச் சாயம் சூட்டில் கிளம்புகிறது என்று பொருள். அடர் சிவப்பு, கறுப்பு, நீலப் பாலியெஸ்டரில் இது அடிக்கடி நடக்கும். அப்படிப்பட்ட சிவப்புத் துணியில், சூட்டில் ஒட்டும் வெள்ளை வினைல் எழுத்தை ஒட்டினால் சில நாட்களில் எழுத்து இளஞ்சிவப்பாகிவிடும்.

சோதனை முடிந்ததும் துணியை ஒருமுறை வெறும் தண்ணீரிலும், இன்னொரு முறை சோப்பிலும் அலசி உலர்த்துங்கள். கஞ்சி போக வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவத்தை இந்த அலசலில் சேர்க்காதீர்கள்; அது இழைமேல் வழுவழுப்பான படலத்தைப் படியவைத்துப் பசையை அண்ட விடாது. பட்டைத் தண்ணீரில் போடத் தயங்குபவர்கள் அலசலை விட்டுவிட்டு, பின்னால் சொல்லப்போகும் மாதிரித் துண்டில் கூடுதல் கவனம் வையுங்கள்.

பிறகு கல்

சென்னையில் சௌகார்பேட்டையின் சந்துகள், ஊர் ஊருக்கு உள்ள ஃபேன்ஸி ஸ்டோர்கள், ஆரி வேலைப் பொருள் விற்கும் கடைகள் எல்லாவற்றிலும் கற்கள் பாக்கெட்டாகக் கிடைக்கும். வாங்கும் முன் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். பின்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தால் அது சாதாரணக் கல். பசை தடவித்தான் ஒட்ட வேண்டும். மங்கலாக, சாம்பல் அல்லது பால் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால் அதுவே ஹாட்ஃபிக்ஸ்.

அளவை எஸ்எஸ் என்ற எழுத்துகளோடு ஓர் எண்ணால் குறிப்பார்கள். எண் ஏற ஏறக் கல் பெரிது. வீட்டு வேலைக்கு நான்கு அளவுகள் தெரிந்தால் போதும்:

- எஸ்எஸ் 6: சுமார் 2 மில்லிமீட்டர். மெல்லிய கொடி, எழுத்து.
- எஸ்எஸ் 10: சுமார் 2.8 மில்லிமீட்டர். பூவிதழ், நெருக்கமான வரிசை.
- எஸ்எஸ் 16: சுமார் 4 மில்லிமீட்டர். கழுத்துக்கரை, கைக்கரை. புதிதாகத் தொடங்குபவருக்கு இதுவே ஏற்றது.
- எஸ்எஸ் 20: சுமார் 4.7 மில்லிமீட்டர். பூவின் நடு, தனிக்கல்.

கண்ணாடிக் கல் சூட்டைத் தாங்கும். ஆக்ரிலிக் கல், அரை முத்து, பிளாஸ்டிக் குந்தன் ஆகியவை தாங்காது. மேலிருந்து நேராகப் பெட்டி வைத்தால் முத்தின் பளபளப்பு உரிந்துவிடும். இவற்றுக்குத் துணியின் அடிப்பக்கத்திலிருந்துதான் சூடு தர வேண்டும். ஸ்டட் என்று விற்கும் உலோகக் குமிழ்கள் சூட்டைச் சட்டென்று கடத்துவதால் கல்லைவிட விரைவில் ஒட்டும்.

ஒரு கண்டிப்பு: கைக்குழந்தைகள், தவழும் குழந்தைகள் போடும் உடையில் எந்தக் கல்லும் வேண்டாம். கையில் கிடைப்பதை அவர்கள் வாயில்தான் போடுவார்கள். உதிர்ந்த கல் தொண்டையில் சிக்கும். சில கண்ணாடிக் கற்களில் ஈயமும் கலந்திருக்கும்.

எத்தனை கல் வாங்குவது

கற்களைக் குரோஸ் கணக்கில் விற்பார்கள். ஒரு குரோஸ் என்பது 12 டஜன், அதாவது 144 கல். கணக்கு எளிது. ஒட்ட வேண்டிய நீளத்தை இஞ்ச் டேப்பால் அளந்து மில்லிமீட்டராக்குங்கள். கல்லின் அளவையும் இடைவெளியையும் கூட்டி அதனால் வகுங்கள்.

ஒரு ரவிக்கையின் கழுத்துச் சுற்று 70 சென்டிமீட்டர், அதாவது 700 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எஸ்எஸ் 16 கல், நடுவே ஒரு கல் அளவு இடைவெளி. 4 மில்லிமீட்டர் கல்லும் 4 மில்லிமீட்டர் இடைவெளியும் சேர்ந்து 8. 700ஐ 8ஆல் வகுத்தால் ஏறத்தாழ 88 கல். ஒரு வரிசைக்கு ஒரு குரோஸ் தாராளம். இரண்டு வரிசை என்றால் 176. இரண்டு குரோஸ் வாங்குங்கள். மீதியைத் தூக்கிப்போடாதீர்கள். ஓராண்டு கழித்து ஒரு கல் உதிர்ந்தால், அதே நிறமும் அதே பட்டையும் உள்ள கல் கடையில் அகப்படுவது கடினம்.

எடுத்து வைக்க வேண்டியவை

நீராவி இல்லாத சாதாரண இஸ்திரிப் பெட்டியே இந்த வேலைக்கு நல்லது. நீராவிப் பெட்டி மட்டும் இருந்தால் தண்ணீரைக் கொட்டிவிட்டு நீராவியை நிறுத்திப் பயன்படுத்துங்கள். அதன் அடித்தட்டில் உள்ள துளைகளுக்குக் கீழே வரும் கற்களுக்குச் சூடு குறையும் என்பதால் இடம் மாற்றி இன்னொரு முறை அழுத்த வேண்டும். கரிப்பெட்டியில் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது, அது வேண்டாம்.

அடிப்பரப்பு கெட்டியாக இருக்கட்டும். கட்டிலில் மெத்தைமேல் போர்வை விரித்துத் தேய்ப்பது பல வீடுகளில் பழக்கம். கல் வேலைக்கு அது ஒத்துவராது. நீங்கள் தரும் அழுத்தத்தை மெத்தையே வாங்கிக்கொள்ளும். மர மேசை அல்லது தரைமேல், இரண்டாக மடித்த பருத்தி விரிப்பு சரி.

இவற்றோடு பட்டர் பேப்பர் அல்லது டெஃப்ளான் தாள் ஒன்று, புருவம் திருத்தும் இடுக்கி, டெய்லர் சாக், அளவுகோல், ஒரு சிறு தட்டு. பட்டர் பேப்பர் மெழுகு பூசாததாக இருக்க வேண்டும். மெழுகுத்தாளில் சூடு பட்டால் மெழுகு துணியில் இறங்கிக் கறையாகும். கற்கள் அதிகம் என்றால், கல்லை ஒட்டவைத்து அப்படியே துணிக்கு மாற்ற உதவும் ஹாட்ஃபிக்ஸ் டேப்பும் கிடைக்கிறது. ஓரிரு கற்களை மட்டும் வைக்க, சால்டரிங் கம்பி போன்ற ஒட்டுக்கருவி இருக்கிறது. அதன் முனையில் கல்லின் அளவுக்கேற்ற கிண்ணத்தைத் திருகி, சூடேறும்வரை சில நிமிடம் காத்திருந்து, கல்லை அதில் ஏந்தித் துணியில் வைக்க வேண்டும். மாதம் ஒரு உடை செய்பவருக்கு இஸ்திரிப் பெட்டியே போதும்.

மாதிரித் துண்டு

வெட்டிய துணியில் மிஞ்சியதை எடுங்கள். மூன்று கற்களை வரிசையாக வைத்து, முதல் கல்லை 8 விநாடி, இரண்டாவதை 12 விநாடி, மூன்றாவதை 16 விநாடி அழுத்துங்கள். முழுதும் ஆறட்டும். பிறகு துணியைக் கல்லின் அருகே மடக்கி, நகத்தைக் கல்லின் ஓரத்தில் கொடுத்துத் தூக்கப் பாருங்கள். துணி கூடவே தூக்கிக்கொண்டு வந்தால் அந்த நேரம் சரி. கல் மட்டும் கழன்றால் போதவில்லை. துணி மஞ்சளாகவோ மினுமினுப்பாகவோ மாறியிருந்தால் அதிகம்.

பெட்டியிலும் துணி லேபிளிலும் ஒரு புள்ளி, இரு புள்ளி, மூன்று புள்ளி என்று குறி இருக்கும். இவை முறையே சுமார் 110, 150, 200 டிகிரி செல்சியஸ் என்ற உச்ச வரம்பைக் குறிக்கின்றன. ஹாட்ஃபிக்ஸ் பசை இளக ஒரு புள்ளிச் சூடு போதாது. பருத்திக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே வையுங்கள். பட்டுக்கும் பாலியெஸ்டருக்கும் இரண்டு புள்ளியைத் தாண்டாமல், நேரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

பெட்டியின் விளக்கு முதல்முறை அணைந்தவுடன் தொடங்கிவிடாதீர்கள். அப்போது அடித்தட்டின் சூடு குறித்த அளவைத் தாண்டிப் போயிருக்கும். விளக்கு மறுபடி எரிந்து இரண்டாம் முறை அணையட்டும். சூடு அதற்குள் நிதானப்பட்டிருக்கும்.

ஒட்டும் முறை

1. துணியை விரித்து, கல் இல்லாமல் வெறும் பெட்டியால் ஒருமுறை தேய்த்து ஈரத்தைப் போக்குங்கள். ஈரம் இருந்தால் சூடெல்லாம் அதை ஆவியாக்கவே செலவாகும்.

2. சாக்கால் புள்ளி வையுங்கள். கோலம் போடத் தெரிந்த கைக்கு இது எளிது: நேர்ப்புள்ளியோ இடைப்புள்ளியோ, முதலில் புள்ளிகள் சரியாக விழ வேண்டும். கழுத்துக்கரையில் நடுப்புள்ளியை முதலில் குறித்து, அங்கிருந்து இருபுறமும் அளந்துகொண்டு போங்கள். ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்குப் போனால் இடைவெளித் தவறு சேர்ந்து சேர்ந்து, கடைசியில் ஒரு பக்கம் கூடிவிடும்.

3. கற்களைத் தட்டில் கொட்டி மெல்லக் குலுக்குங்கள். பட்டைப்பக்கம் மேலே வந்தவற்றை இடுக்கியால் எடுத்துப் புள்ளிகளில் வையுங்கள். பெட்டியின் அடித்தட்டு மூடும் அளவுக்கு மட்டும் ஒரு தவணையில் வைத்தால் போதும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

4. அளவுகள் கலந்த வடிவம் என்றால் சிறிய கற்களை முதலில் ஒட்டி முடியுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தால் பெட்டி பெரிய கற்களின் தலையில் உட்கார்ந்துகொள்ளும். சின்னக் கற்களுக்கு அழுத்தமே போய்ச் சேராது.

5. பட்டர் பேப்பரால் மூடி, பெட்டியை நேராக இறக்கி வைத்து அழுத்துங்கள். இதைத் தேய்ப்பது என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் கல் வேலையில் பெட்டியைத் தேய்க்கவே கூடாது. ஓர் அங்குலம் நகர்ந்தால் வரிசை முழுதும் நகரும். வையுங்கள், அழுத்துங்கள், எடுங்கள்.

6. மாதிரித் துண்டில் கண்ட விநாடியை வாய்விட்டு எண்ணுங்கள். பெட்டியைத் தூக்கி, தாளைத் தொடாமல் அப்படியே விடுங்கள். குறைந்தது இரண்டு நிமிடம்.

7. தாளை எடுத்து, துணியைத் திருப்பி, கற்களின் அடிப்பக்கத்தில் இன்னொரு முறை 10 விநாடி அழுத்துங்கள். கண்ணாடி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். மேலிருந்து வரும் சூடு கல்லைக் கடந்து பசைக்கு வரவேண்டும். அடியிலிருந்து வருவது துணியைத் தாண்டினாலே பசையைத் தொட்டுவிடும். இந்த ஏழாவது படியைச் சோம்பலில் விட்ட உடைகளில்தான் கல் அதிகம் உதிர்கிறது.

8. முழுதும் ஆறியபின், பழைய பல்துலக்கியால் வரிசையை மெல்லத் தடவுங்கள். ஆடும் கல் தெரிந்துவிடும். அதை மட்டும் மறுபடி அழுத்துங்கள்.

துணிக்கேற்ற மாற்றங்கள்

*பட்டு.* அடிப்பக்கத்திலிருந்து மட்டும் சூடு. கற்களை ஹாட்ஃபிக்ஸ் டேப்பில் அடுக்கித் துணியில் ஒட்டி, துணியைக் குப்புற விரித்து, மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டு அழுத்துங்கள். அம்மாவின் கல்யாணப் புடவை, பாட்டியின் அசல் ஜரிகைப் புடவை போன்றவற்றை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். பசை இழைக்குள் இறங்கினால் தடயமில்லாமல் திரும்ப எடுக்க முடியாது. அந்தப் புடவைக்கேற்ற ரவிக்கையில் உங்கள் ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

*பனியன் துணி.* திருப்பூர் டி-ஷர்ட் துணி கல்லை அருமையாகப் பிடிக்கும். ஒட்டும்போது இழுத்துப் பிடிக்காதீர்கள், இயல்பாகக் கிடக்கட்டும். உடம்பில் போடும்போது துணி விரியும், கல் விரியாது. ஆகவே மார்புக்குக் குறுக்கே நெருக்கமான வரிசை வேண்டாம். இடைவெளி விட்டு வையுங்கள். லைக்ரா கலந்த துணியில் இந்த எச்சரிக்கை இருமடங்கு பொருந்தும்.

*வெல்வெட்.* மேலிருந்து பெட்டி வைத்தால் மயிர்ப்பரப்பு நசுங்கித் தழும்பாகும். கனமான துவாலைமேல் வெல்வெட்டைக் குப்புறப் போட்டு, அடியிலிருந்து அழுத்துங்கள். மயிர் நீளமான வெல்வெட்டில் பசை அடித்துணியை எட்டாது; அதற்கு ஊசியும் நூலுமே சரி.

*நெட், ஆர்கன்சா.* பசை ஓட்டை வழியே கீழே இறங்கி விரிப்போடு ஒட்டும். அடியிலும் ஒரு பட்டர் பேப்பர் வையுங்கள். நெட்டின் கண்ணைவிடக் கல் பெரிதாக இருக்கட்டும்.

ரவிக்கையில் எங்கே வேண்டாம்

ஒட்டும் முன் அந்த உடையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, நாள் முழுக்க எது எதனோடு உரசும் என்று யோசியுங்கள். இடது தோளில் முந்தானையைக் குத்துகிறோம். அங்கே கல் இருந்தால் புடவையின் இழையை அறுக்கும், தானும் உதிரும். பின்கழுத்தின் நடுவில் பின்னல் விழும். சின்னக் கற்களின் ஓரத்தில் முடி சிக்கும். அக்குளுக்கு அருகே வியர்வையும் உரசலும் சேரும். இந்த மூன்று இடங்களையும் விட்டுவிட்டால் மீதிக் கற்கள் பல வருடம் நிற்கும்.

தைக்கக் கொடுக்கும் முன்பே கல் ஒட்டுவதானால், தையல் கோட்டிலிருந்து அரை இஞ்ச் தள்ளி ஒட்டுங்கள். மிஷினின் பிரஷர் ஃபுட் கல்லில் ஏறினால் ஊசி உடையும். எம்பிராய்டரி ரவிக்கைக்கு எப்படியோ, அப்படியே இதற்கும் தையல்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். மடிப்பு எங்கே வரும், பைப்பிங் எவ்வளவு அகலம் என்று அவர் சாக்கால் கோடு போட்டுத் தருவார்.

ஒட்டுப் படங்களும் வினைல் எழுத்துகளும்

பூ, பட்டாம்பூச்சி, கார் என்று பின்னலாக வரும் ஒட்டுப் படங்களுக்கும் இதே விதிதான். அவை தடிமனாக இருப்பதால் நேரம் கூடும். மேலே 20 விநாடி, திருப்பி அடியில் 20 விநாடி என்று மாதிரியைத் தொடங்குங்கள். குழந்தையின் கால்சட்டை முழங்காலில் கிழிசலை மறைக்க ஒட்டுகிறீர்கள் என்றால், கிழிசலை முதலில் தைத்து மூடுங்கள். ஒட்டியபின் படத்தின் ஓரத்தையும் சுற்றித் தையல் போடுங்கள். முழங்கால் மடங்கி நிமிரும் இடம். பசை மட்டும் அங்கே நெடுநாள் தாங்காது.

வினைல் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். தமிழ்ப் பெயர் வெட்டும்போது புள்ளியும் சுழியும் மெல்லியதாக விழும். அவைதான் முதலில் கிளம்பும். எழுத்துருவைத் தடிமனாகத் தேர்ந்தெடுங்கள். வாங்கும்போதே, ஆறியபின் மேல்தாளை உரிப்பதா, சூட்டோடு உரிப்பதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வகைக்கு வகை அது மாறும். மாற்றிச் செய்தால் எழுத்து தாளோடு வந்துவிடும்.

தவறினால்

*கல் பசையோடு கழன்றது:* துணிக்குள் பசை இறங்கவில்லை. கஞ்சி, பூச்சு, அழுத்தக் குறைவு என்ற வரிசையில் காரணம் தேடுங்கள்.

*கல் கழன்றது, பசை துணியிலேயே இருக்கிறது:* கல்லில் எண்ணெய்க் கை பட்டிருக்கும், அல்லது ஆறும் முன் ஆட்டியிருப்பீர்கள். அதே இடத்தில் புதுக்கல் வைத்து அழுத்தினால் போதும்.

*கல் மங்கிக் கறுத்தது:* சூடு அதிகம். கல்லின் அடியில் ஒளியைத் திருப்பி அனுப்பும் பூச்சு கெட்டுவிட்டது. அது மீளாது, மாற்றுங்கள்.

*கல்லைச் சுற்றி ஈரவட்டம்போல் பசை கசிந்தது:* நேரம் அதிகம். அடுத்த தவணையில் 3 விநாடி குறையுங்கள்.

*கல் இடம் மாறி ஒட்டியது:* அடியிலிருந்து சூடு தந்து, பசை இளகியிருக்கும்போதே இடுக்கியால் தூக்குங்கள். குளிர்ந்த கல்லைப் பிடுங்கினால் துணி கிழியும்.

துவைப்பும் வைப்பும்

ஒட்டிய உடையை 24 மணி நேரம் நனைக்காதீர்கள். பிறகு எப்போதும் உட்புறம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில், பிரஷ் போடாமல், முறுக்கிப் பிழியாமல் கையால் அலசுங்கள். வாஷிங் மிஷினில்தான் போட வேண்டும் என்றால் வலைப்பைக்குள் போட்டு, மென்மையான சுழற்சி வையுங்கள். நிழலில், திருப்பியபடியே காயப்போடுங்கள். தேய்ப்பதும் உட்புறத்தில்தான்.

பட்டு என்பதற்காகப் பெட்ரோல் வாஷுக்கோ டிரை வாஷுக்கோ அனுப்பிவிடாதீர்கள். அங்கே பயன்படும் கரைப்பான்கள் பசையை இளக்கிவிடலாம். வேறு வழியில்லை என்றால், இது சூட்டில் ஒட்டிய கல் என்பதைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். பீரோவில் அடுக்கும்போது கல் உள்ள இடத்தின்மேல் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை வைத்து மடியுங்கள். கல்லின் பட்டை பக்கத்துப் புடவையைக் கீறாது.

ஒரு நோட்டு

நீங்கள் செய்த மாதிரித் துண்டுகளை எறியாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் பக்கத்துக்கு ஒன்றாகக் குத்தி, அருகே நான்கு விவரம் எழுதுங்கள்: என்ன துணி, எந்த அளவுக் கல், பெட்டியில் எத்தனை புள்ளி, எத்தனை விநாடி. அடுத்த முறை அதே துணி கைக்கு வரும்போது சோதனை பாதி முடிந்திருக்கும்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த நீலப் பருத்தியின் துண்டு இருக்கிறது. ஒரு பாதி அலசாதது, மறுபாதி அலசியது. இரண்டிலும் மூன்று மூன்று கற்கள் ஒட்டினேன். அலசாத பாதியில் இப்போது வெறும் மங்கலான வட்டங்கள்தான் தெரிகின்றன. அலசிய பாதியின் மூன்று கற்களும் அப்படியே இருக்கின்றன. யார் என்னிடம் இந்த வேலை கற்க வந்தாலும் பெட்டியைச் சூடேற்றும் முன் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுகிறேன்.